படத்தின் மேல் ஒளிபுகும் வடிவங்கள்: இமேஜ்மேஜிக் கட்டளைகளால் வரையும் முறை

தீபாவளி ஒளியூட்டின்போது சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் எடுத்த ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தோரண வளைவு, விளக்குகள், கூட்டம் என இடைவெளியே இல்லாமல் வண்ணம். அதன் மேல் வெள்ளை எழுத்தில் வாழ்த்து எழுதினால் பாதி எழுத்து விளக்குகளோடு கலந்துபோகும். எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பட்டை வைத்தால் படிக்க முடியும். ஆனால் படத்தின் அடிப்பகுதி முழுதும் மறைந்துவிடும். பின்னால் இருப்பது மங்கலாகத் தெரியும்படி ஒரு பட்டை போட்டால் இரண்டு குறையும் தீரும். அந்த ஒரு பட்டையில் தொடங்கி வட்டம், துளை, எழுத்துக்கு மேல் மஞ்சள் மை என எல்லாவற்றையும் கட்டளை வரியிலேயே செய்யலாம்.

இதற்குப் படத் திருத்தச் செயலிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். ஒரே ஒரு படம் என்றால் அவையே போதும். சமூக மன்றத்தின் பொங்கல் நிகழ்ச்சியில் எடுத்த 60 படங்களிலும் ஒரே இடத்தில், ஒரே அடர்த்தியில் பட்டை வேண்டும், அடுத்த ஆண்டும் அதே தோற்றம் வேண்டும் என்றால் கட்டளைதான் உதவும். எண்களை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் கை நடுங்காது, அளவு மாறாது.

இங்கே பயன்படுத்தும் கருவி இமேஜ்மேஜிக். டூபான்ட் நிறுவனத்தில் ஜான் கிறிஸ்டி 1987இல் எழுதத் தொடங்கி, 1990இல் எல்லாருக்கும் இலவசமாகக் கிடைத்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

கட்டளைகளை வாயால் சொல்லும்படியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். டெர்மினலில், அதாவது கட்டளைகளை அடிக்கும் சாளரத்தில், அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் அடியுங்கள். எண்கள், காற்புள்ளி, கழித்தல் குறி, மேற்கோள் குறி ஆகியவற்றை இருப்பது இருக்கிறபடியே அடிக்க வேண்டும். கோப்பின் பெயர் தமிழில் இருக்கலாம். புள்ளிக்குப் பின்னால் வரும் வகைப்பெயர் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். எழுத்துக்கூட்டலில் தடுமாறக்கூடிய சொற்களை அங்கங்கே எழுத்தெழுத்தாகச் சொல்லியிருக்கிறோம்.

நிறுவுவதும் சரிபார்ப்பதும்

உபுண்டுவில் "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் இமேஜ்மேஜிக்", மேக்கில் ஹோம்புரூ என்ற நிறுவல் கருவி இருந்தால் "புரூ இன்ஸ்டால் இமேஜ்மேஜிக்". விண்டோஸில் இமேஜ்மேஜிக் தளத்திலிருந்து நிறுவியை இறக்கி ஓட்டுங்கள். நடுவில் வரும் ஒரு பக்கத்தில், நிரலின் கோப்புறையைக் கணினியின் பாதைப் பட்டியலில் சேர்க்கவா என்று ஒரு கட்டம் கேட்கும். அதில் டிக் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் டெர்மினலுக்குக் கருவி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. நிறுவும்போது திறந்திருந்த டெர்மினலை மூடிவிட்டுப் புதிதாகத் திறந்து, இதை அடியுங்கள்:

மேஜிக் -வெர்ஷன்

மேஜிக் என்பது எம், ஏ, ஜி, ஐ, சி, கே என்ற ஆறு எழுத்து. கடைசிக் 'கே'யை விட்டுவிடுவதுதான் புதியவர்களின் முதல் தவறு. முதல் வரியில் 7 என்று தொடங்கும் பதிப்பெண் வந்தால் எல்லாம் சரி. உபுண்டு 24.04 போன்றவற்றின் களஞ்சியத்தில் இன்னும் 6ஆம் பதிப்பே இருக்கிறது. அதில் மேஜிக் என்ற கட்டளை கிடையாது. அதே இடத்தில் "கன்வர்ட்" என்று அடிக்க வேண்டும். கீழே வரும் கட்டளைகளில் முதல் சொல்லை மட்டும் அப்படி மாற்றிக்கொண்டால் மற்றவை அப்படியே பொருந்தும். ஐடென்டிஃபை, மோக்ரிஃபை வரும் இரண்டு கட்டளைகளில் மட்டும் மேஜிக் என்ற சொல்லை விட்டுவிட்டு, அந்தப் பெயரிலிருந்தே தொடங்குங்கள்.

விண்டோஸில் மட்டும் கன்வர்ட் என்று அடிக்காதீர்கள். அந்தப் பெயரில் விண்டோஸுக்கே சொந்தமாக ஒரு கருவி இருக்கிறது. அது வட்டின் கோப்பு முறையை மாற்றுவது. படத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பழைய குறிப்புகளைப் பார்த்து அடிப்பவர்களுக்குப் புரியாத பிழைச்செய்தி வருவது இதனால்தான்.

அதே பதிப்புச் செய்தியின் கடைசி வரிகளில் துணை நூலகங்களின் பட்டியல் வரும். ஐஃபோன் படங்களை அப்படியே திறக்க வேண்டுமென்றால் அதில் "ஹெச்இஐசி" இருக்கிறதா பாருங்கள். தமிழில் எழுதப்போகிறீர்கள் என்றால் "ராக்ம்" இருக்கிறதா பாருங்கள். ஆர், ஏ, கியூ, எம். இதன் தேவை கீழே வரும்.

படத்தைத் தயார் செய்தல்

நேராக வரையத் தொடங்கிவிடாதீர்கள். கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் பெரும்பாலும் படுத்த வாக்கிலேயே சேமிக்கப்படும். "இதைத் திருப்பிக் காட்டு" என்ற குறிப்பு மட்டும் கோப்புக்குள் இருக்கும். பார்க்கும் செயலி அந்தக் குறிப்பைப் படித்துத் திருப்பிக் காட்டும். இமேஜ்மேஜிக் தானாகத் திருப்பாது. அதனால் கீழே வரைந்த பட்டை பக்கவாட்டில் போய் நிற்கும். "ஆட்டோ-ஓரியன்ட்" என்ற ஒரு சொல் இதைத் தீர்க்கும்:

மேஜிக் மூலம்.ஜேபிஜி -ஆட்டோ-ஓரியன்ட் -ரீசைஸ் "1600எக்ஸ்1600>" படம்.பிஎன்ஜி

1600எக்ஸ்1600 என்பதன் நடுவே இருப்பது ஆங்கில எக்ஸ் எழுத்து. பக்க விகிதம் கெடாமல் 1600க்குள் அடக்கு என்று பொருள். கடைசியில் வரும் > குறி, பெரிய படத்தை மட்டும் சுருக்கு, சின்னதை இழுத்துப் பெரிதாக்காதே என்பதற்கு. மேற்கோள் குறி இல்லாமல் விட்டால் டெர்மினல் அந்த > குறியைத் தனக்கான கட்டளையாக எடுத்துக்கொள்ளும். எதிர்பாராத பெயரில் ஒரு கோப்பு உருவாகும்.

சேமிப்பை பிஎன்ஜியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஜேபிஜி ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் தரத்தில் கொஞ்சம் இழக்கும். வேலை முடியும்வரை பிஎன்ஜியில் வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரே ஒருமுறை ஜேபிஜி ஆக்குங்கள்.

அளவைத் தெரிந்துகொள்ள:

மேஜிக் ஐடென்டிஃபை படம்.பிஎன்ஜி

1600எக்ஸ்1200 என்று வந்தது என வைத்துக்கொள்வோம். இனி இந்தப் படத்தைத்தான் எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம். ஆயத்தொலைவு மேல் இடது மூலையில் 0,0 என்று தொடங்கும். முதல் எண் வலப்பக்கம் போகும். இரண்டாவது எண் கீழே போகும். பள்ளிக் கணிதத்தில் மேலே போனால் எண் கூடும், இங்கே கீழே போனால் கூடும். கீழ் வலது மூலை 1600,1200 அல்ல, 1599,1199. எண்ணிக்கை பூச்சியத்தில் தொடங்குகிறது அல்லவா.

முதல் பட்டை

மேஜிக் படம்.பிஎன்ஜி -ஃபில் "#00000099" -டிரா "ரெக்டாங்கிள் 0,960 1599,1199" பட்டை.பிஎன்ஜி

ஃபில் என்பது நிரப்பும் நிறம். டிரா என்பது வரைதல். ரெக்டாங்கிள் என்றதும் வரும் முதல் இரு எண்கள் செவ்வகத்தின் ஒரு மூலை, அடுத்த இரண்டும் எதிர்மூலை. 960 முதல் 1199 வரை 240 பிக்சல் உயரம், படத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

வரிசை முக்கியம். இமேஜ்மேஜிக் கட்டளையை இடமிருந்து வலமாகப் படித்து, அந்தந்த இடத்திலேயே செய்து முடிக்கும். ஃபில் என்பதை டிராவுக்குப் பின்னால் எழுதினால் பட்டை முழுக் கறுப்பாக வரும்; வரைந்த நேரத்தில் நிறம் சொல்லப்படவில்லை, ஆகவே இயல்பான கறுப்பையே எடுத்துக்கொண்டிருக்கும். ஒருமுறை சொன்ன நிறம், வேறொன்று சொல்லும்வரை தொடரும்.

# குறி இருப்பதால் மேற்கோள் கட்டாயம். லினக்ஸ் டெர்மினலில் # வந்தால் அதற்குப் பின்னால் உள்ள அனைத்தும் குறிப்புரை என்று விட்டுவிடப்படும். விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் இரட்டை மேற்கோளே செல்லும். ஒற்றை மேற்கோள் அங்கே வெறும் எழுத்துதான்.

அந்தக் கடைசி இரண்டு இலக்கம்

நிறக் குறியில் எட்டு இலக்கம் இருக்கின்றன. முதல் இரண்டு சிவப்பு, அடுத்த இரண்டு பச்சை, அடுத்து நீலம். கடைசி இரண்டுதான் ஆல்ஃபா. நிறம் எவ்வளவு அடர்த்தியாகப் படிய வேண்டும் என்பது. 00 என்றால் எதுவுமே தெரியாது. இரண்டு எஃப் எழுத்து என்றால் முழுதாக மறைக்கும்.

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். 80 என்று எழுதினால் 80 விழுக்காடு அல்ல. இவை பதினாறின் அடிப்படையில் எண்ணப்படுபவை. 80 என்பது 255இல் 128, அதாவது ஏறத்தாழப் பாதி. 50 என்று எழுதினால் பாதி கிடைக்காது, 31 விழுக்காடுதான் கிடைக்கும். நினைவில் வைக்க எளிதான மூன்று: 33 என்றால் 20 விழுக்காடு, 66 என்றால் 40, 99 என்றால் 60. இவை மூன்றும் சரியாக வகுபடுபவை.

பதினாறடி எண் பிடிக்காவிட்டால் இப்படி எழுதலாம்: "ஆர்ஜிபிஏ(0,0,0,0.6)". இங்கே நிறங்கள் 0 முதல் 255 வரை, கடைசி எண் 0 முதல் 1 வரை. 0.6 என்றால் 60 விழுக்காடேதான். அடைப்புக்குறி இருப்பதால் இதற்கும் மேற்கோள் வேண்டும்.

எவ்வளவு அடர்த்தி வைப்பது? கண்ணால் பார்த்து முடிவு செய்வதைவிட ஒரு கணக்கு உண்டு. படத்தில் மிகப் பிரகாசமான இடம் வெள்ளை, அதாவது 255. அதன் மேல் 60 விழுக்காடு கறுப்பு படிந்தால் மீதி 40 விழுக்காடு, 102 என்ற சாம்பல் நிறம். அதன் மேல் வெள்ளை எழுத்து வைத்தால் இரண்டுக்கும் உள்ள ஒளி வேறுபாட்டு விகிதம் 5.7க்கு 1. வலைப்பக்க அணுக்க வழிகாட்டுதல்கள் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5, பெரிய எழுத்துக்குக் குறைந்தது 3 கேட்கின்றன. பாதி அடர்த்தியில் விகிதம் 4. பெரிய எழுத்துக்கு மட்டும் தேறும். 40 விழுக்காட்டில் 2.9க்கும் குறைவு, 20 விழுக்காட்டில் 1.6. விளக்குகள் நிறைந்த இரவுப் படத்துக்கு 99 என்ற இலக்கத்துக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பதே எங்கள் பரிந்துரை. படத்தின் அடிப்பகுதி ஏற்கெனவே இருண்டிருந்தால் 66 போதும். மூத்தவர்கள் கைப்பேசியில், வெளிச்சமான இடத்தில் நின்று படிப்பார்கள் என்பதை மனத்தில் வைத்து எண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

பட்டையின் மேல் தமிழ்

மேஜிக் பட்டை.பிஎன்ஜி -கிராவிட்டி சவுத் -ஃபில் ஒயிட் -ஃபான்ட் நோட்டோதமிழ்.டிடிஎஃப் -பாயின்ட்சைஸ் 72 -அனோட்டேட் +0+84 "இனிய தீபாவளி வாழ்த்துகள்" வாழ்த்து.பிஎன்ஜி

கிராவிட்டி சவுத் என்றால் கீழ்ப்பக்க நடுவிலிருந்து அளந்துகொள் என்று பொருள். +0+84 என்பது அங்கிருந்து 84 பிக்சல் மேலே. கிராவிட்டி எழுத்து, அடுக்கிவைக்கும் படங்கள், படத்தை வெட்டுதல் போன்றவற்றுக்குச் செல்லும். டிராவில் வரையும் செவ்வகமோ வட்டமோ அதைப் பொருட்படுத்தாது.

ஃபான்ட் என்ற இடத்தில் தமிழ் எழுத்துருக் கோப்பின் முழுப் பாதையையும் கொடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசமாகக் கிடைக்கிறது. அந்தக் கோப்புக்கு எளிய பெயரிட்டுப் படம் இருக்கும் கோப்புறையிலேயே போட்டுக்கொண்டால் மேலே எழுதியபடி பெயர் மட்டும் போதும். எழுத்துரு சொல்லாமல் விட்டால் எழுத்துகளுக்குப் பதில் கட்டங்களோ கேள்விக்குறிகளோ வரும்.

இனி அந்த ராக்ம். "பொங்கல்" என்று எழுதிச் சோதித்துப் பாருங்கள். கணினிக்குள் முதலில் 'ப' இருக்கும், அதன் பின்னால்தான் ஒகரக் குறி இருக்கும். அதைக் கொம்பாகவும் காலாகவும் பிரித்து, கொம்பைப் 'ப'வுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது எழுத்துச் சேர்க்கை நூலகத்தின் வேலை. ராக்ம் இல்லாத இமேஜ்மேஜிக்கில் கொம்பு பின்னாலேயே நின்றுவிடும், சில இடங்களில் புள்ளிவட்டம் தோன்றும். அச்சுக்குப் போன பிறகு இதைப் பார்ப்பது மிகவும் வருத்தமானது; தெருவில் தொங்கும் பதாகையில் நம் மொழி உடைந்து நிற்கக் கூடாது. எனவே கொம்பு வரும் சொற்களான செய்தி, கோயில், பொங்கல் மூன்றையும் எழுதிப் பார்த்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள். கொம்பு தவறினால் ராக்ம் சேர்ந்த பதிப்பை நிறுவ வேண்டும். நூலகப் பட்டியலில் "பாங்கோகெய்ரோ" இருந்தால், அனோட்டேட்டுக்குப் பதிலாக "பாங்கோ:" என்ற முன்னொட்டோடு எழுத்தைத் தனிப் படமாக உருவாக்கி மேலே வைக்கலாம். அது தமிழைச் சரியாகச் சேர்க்கும்.

வட்டம், வளைந்த மூலை, பலகோணம்

நிகழ்ச்சி நடக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளப் படத்தில் சக்கர நாற்காலிச் சாய்தளம் எங்கே என்று காட்ட வேண்டுமா? ஒரு வட்டம் போதும்:

மேஜிக் படம்.பிஎன்ஜி -ஃபில் "#99000066" -டிரா "சர்க்கிள் 820,540 820,440" குறி.பிஎன்ஜி

முதல் இரண்டு எண்கள் வட்டத்தின் மையம். அடுத்த இரண்டு ஆரம் அல்ல. வட்டத்தின் விளிம்பில் ஏதாவது ஒரு புள்ளி. மையத்துக்கு நேர் மேலே 100 பிக்சல் தள்ளி ஒரு புள்ளி கொடுத்தால் ஆரம் 100. ஆரம் என்று நினைத்து "820,540 100,100" என்று அடித்தால் 844 பிக்சல் ஆரமுள்ள வட்டம் வந்து, மூலைகள் தவிரப் படத்தின் பெரும்பகுதியைச் சிவப்பாக்கிவிடும்.

மூலை வளைந்த பெட்டிக்கு "ரவுண்ட்ரெக்டாங்கிள் 60,60 700,220 24,24". கடைசி இரண்டும் வளைவின் அளவு. இடையில் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக அடிக்க வேண்டும். பலகோணத்துக்கு "பாலிகன்", பின்னால் எத்தனை மூலையோ அத்தனை எண்ணிணைகள். கடைசிப் புள்ளியையும் முதல் புள்ளியையும் அதுவே இணைத்துக்கொள்ளும்.

விளிம்புக்கோடு வேண்டுமானால் டிராவுக்கு முன்னால் -ஸ்ட்ரோக் ஒயிட் -ஸ்ட்ரோக்வித் 6 என்று சேருங்கள். வித் என்பதன் எழுத்து டபிள்யூ, ஐ, டி, டி, ஹெச்; முதல் டி 'டாக்டர்' சொல்லின் முதல் எழுத்து, அடுத்தது 'டைகர்' சொல்லினுடையது. உள்ளே நிரப்பாமல் கோடு மட்டும் வேண்டுமென்றால் -ஃபில் நன். விளிம்புக்கோட்டையும் ஒளிபுகும்படி வைப்பவர்களுக்கு ஒரு புதிர் வரும்: கோட்டின் உட்பாதி ஒரு நிறமாகவும் வெளிப்பாதி வேறு நிறமாகவும் தெரியும். கோடு வடிவத்தின் எல்லையில் சரிபாதியாக உட்காருகிறது. 20 பிக்சல் கோட்டில் 10 உள்ளே, 10 வெளியே. உள்ளே உள்ள 10 பிக்சலுக்குக் கீழே நிரப்பிய நிறமும் சேர்ந்து தெரிகிறது. விளிம்பை மட்டும் முழு அடர்த்தியில் வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் எழாது.

ஒன்றன்மேல் ஒன்று படிந்தால்

40 விழுக்காடு அடர்த்தியுள்ள இரண்டு வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டால், படிந்த இடம் 64 விழுக்காடு அடர்த்தியாகிவிடும். முதல் வட்டம் கீழுள்ள ஒளியில் 0.6 பங்கை விடுகிறது. இரண்டாவது அந்த 0.6இல் 0.6 பங்கை, அதாவது 0.36ஐ விடுகிறது. சில வேளைகளில் அதுவே வேண்டியதாக இருக்கும், இரு வட்டாரங்கள் சந்திக்கும் இடத்தைக் காட்ட. பெரும்பாலும் அது அசிங்கமான கறை.

தீர்வு: வடிவங்கள் எல்லாவற்றையும் முழு அடர்த்தியில் ஒரு வெற்று அடுக்கில் வரையுங்கள். பிறகு அந்த அடுக்கு முழுவதையும் ஒரே அடியாக நீர்த்துப்போகச் செய்து படத்தின் மேல் வையுங்கள்.

மேஜிக் படம்.பிஎன்ஜி \( +குளோன் -ஆல்ஃபா டிரான்ஸ்பரன்ட் -ஃபில் ரெட் -டிரா "சர்க்கிள் 700,540 700,400" -டிரா "சர்க்கிள் 860,540 860,400" -சேனல் ஏ -இவேலுவேட் மல்டிப்ளை 0.4 +சேனல் \) -காம்போசிட் குறி.பிஎன்ஜி

அடைப்புக்குறிக்குள் நடப்பது: படத்தை நகலெடு, நகலை முழுக்க வெறுமையாக்கு, சிவப்பு வட்டங்களை வரை, ஆல்ஃபா மதிப்பை 0.4 ஆல் பெருக்கு. காம்போசிட் என்றதும் அந்த அடுக்கு படத்தின் மேல் அமரும். அடைப்புக்குறிக்கு இருபுறமும் இடைவெளி விட மறக்காதீர்கள். விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் சாய்கோடு இல்லாமல் அடைப்புக்குறியை மட்டும் அடியுங்கள்.

இந்த அடுக்கு முறை பழகிவிட்டால் பட்டைக்கும் கணக்கு வேண்டியதில்லை. \( -சைஸ் 6000எக்ஸ்240 எக்ஸ்சி:"#00000099" \) -கிராவிட்டி சவுத் -காம்போசிட் என்று எழுதினால், படம் 6000 பிக்சலுக்குள் எந்த அகலத்தில் இருந்தாலும் அடியில் 240 பிக்சல் பட்டை வரும். படத்தைத் தாண்டும் பகுதி தானாக வெட்டப்படும். எக்ஸ்சி என்பது ஒரே நிறத்தாலான தாள்.

எழுத்தின் மேல் மஞ்சள் மை

ஸ்கேன் செய்த சுற்றறிக்கையில் ஒரு வரியை மஞ்சளாக்க வேண்டும். பாதி அடர்த்தி மஞ்சள் செவ்வகம் போட்டால் எழுத்தும் மஞ்சள் பூசி வெளிறிவிடும். காகிதத்தில் மார்க்கர் பேனா அப்படிச் செய்வதில்லை; கறுப்பு கறுப்பாகவே இருக்கும், வெள்ளை மட்டும் மஞ்சளாகும். அந்த விளைவுக்கு ஆல்ஃபா வேண்டாம், பெருக்கல் வேண்டும்:

மேஜிக் ஸ்கேன்.பிஎன்ஜி \( +குளோன் -ஃபில் ஒயிட் -கலரைஸ் 100 -ஃபில் யெல்லோ -டிரா "ரெக்டாங்கிள் 120,400 980,450" \) -கம்போஸ் மல்டிப்ளை -காம்போசிட் மஞ்சள்.பிஎன்ஜி

வெள்ளையால் பெருக்கினால் படம் மாறாது. கறுப்பை எதனால் பெருக்கினாலும் கறுப்பே. கம்போஸ் என்பதையும் காம்போசிட் என்பதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முன்னது எப்படிச் சேர்ப்பது என்ற விதி, பின்னது சேர்க்கும் செயல். விதி முதலில் வர வேண்டும்.

துளை போடுதல், வட்டமாக வெட்டுதல்

படத்தில் ஓட்டை போட நினைத்து -ஃபில் நன் என்று வட்டம் வரைந்தால் எதுவுமே நடக்காது. வெறுமையை மேலே பூசினால் கீழே இருப்பது அப்படியே இருக்கும் அல்லவா. துளைக்கும் விதி வேறு. 800எக்ஸ்800 அளவுள்ள முகப்படத்தை வட்டமாக்க:

மேஜிக் முகம்.பிஎன்ஜி \( +குளோன் -ஆல்ஃபா டிரான்ஸ்பரன்ட் -ஃபில் ஒயிட் -டிரா "சர்க்கிள் 400,400 400,1" \) -கம்போஸ் டிஎஸ்டிஇன் -காம்போசிட் வட்டம்.பிஎன்ஜி

டிஎஸ்டிஇன் என்பது டி, எஸ், டி, ஐ, என்; இங்கும் முதல் டி 'டாக்டர்' சொல்லினுடையது, அடுத்தது 'டைகர்' சொல்லினுடையது. வட்டத்துக்குள் இருப்பதை வைத்துக்கொள் என்று பொருள். அதற்குப் பதில் டிஎஸ்டிஅவுட் என்றால் வட்டத்துக்குள் இருப்பது போய்த் துளை விழும்.

முடிவை ஜேபிஜியில் சேமித்தால் துளை நிற்காது. அந்த வகைக்கு ஆல்ஃபாவை வைத்துக்கொள்ள இடமே இல்லை. வெறுமையாக இருக்க வேண்டிய மூலைகள் கறுப்பாகவோ வேறு நிறமாகவோ வரும். பிஎன்ஜி அல்லது வெப்பி வேண்டும். ஜேபிஜிதான் வேண்டும் என்றால் -பேக்கிரவுண்ட் ஒயிட் -ஆல்ஃபா ரிமூவ் என்று சேர்த்து, பின்னணியை நீங்களே முடிவு செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினாலும் இதே கதிதான். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். முதலில் செய்த பட்டைக்கு இந்தக் கவலை இல்லை. அது படத்தோடு கலந்துவிட்ட நிறம், ஜேபிஜியில் தாராளமாகச் சேமிக்கலாம்.

மறைப்பதற்கு ஒளிபுகும் வடிவம் உதவாது

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெயர்ப்பட்டியலிலோ அட்டைப் படத்திலோ உள்ள அடையாள அட்டை எண்ணைக் கறுப்புப் பட்டையால் மறைக்கும்போது, கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் போய்விட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். 90 விழுக்காடு அடர்த்தியுள்ள கறுப்புக்குக் கீழே வெள்ளைத் தாள் 25 என்ற மதிப்பிலும் கறுப்பு எழுத்து 0 என்ற மதிப்பிலும் இருக்கும். கண் அதைப் பிரிக்காது. ஆனால் ஒளியைக் கூட்டும் ஒரே கட்டளை அந்த 25ஐ 255க்கு இழுத்துவிடும், எண் பளிச்சென்று தெரியும். மங்கலாக்குவதும் கட்டம் கட்டமாகச் சிதைப்பதும் எண்களுக்குப் பாதுகாப்பல்ல. பத்தே இலக்கங்கள்தான் என்பதால் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியும். பிஎன்ஜியில் துளை போட்டாலும் வெறுமைக்குக் கீழே பழைய நிறம் கோப்பில் தங்கியிருக்கலாம்.

சிங்கப்பூரில் 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்டாலோ ஆளை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டிய கட்டாயம் இருந்தாலோ தவிர, நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணை வாங்கவோ வெளியிடவோ கூடாது. தொண்டூழியக் குழுவாக இருந்தாலும் பழைய பட்டியல்களைப் பகிர்வதற்கு முன்னால் இதைச் சரியாகச் செய்யுங்கள்:

மேஜிக் பட்டியல்.பிஎன்ஜி -ஆட்டோ-ஓரியன்ட் -ஃபில் பிளாக் -டிரா "ரெக்டாங்கிள் 300,210 620,250" -ஸ்ட்ரிப் மறைத்தது.ஜேபிஜி

ஆல்ஃபா இலக்கமே இல்லாத முழுக் கறுப்பு. ஸ்ட்ரிப் என்பது கோப்புக்குள் ஒட்டியிருக்கும் கூடுதல் தகவல்களை அகற்றும்: எடுத்த இடத்தின் ஆயத்தொலைவு, சில கைப்பேசிகள் உள்ளே வைக்கும் சின்ன முன்னோட்டப் படம். அந்த முன்னோட்டத்தில் எண் மறைக்கப்படாமலே இருக்கக்கூடும். ஆட்டோ-ஓரியன்ட் கட்டாயம் ஸ்ட்ரிப்புக்கு முன்னால் வர வேண்டும். திருப்பும் குறிப்பையும் ஸ்ட்ரிப் அழித்துவிடும் என்பதால். நிறச் சுயவிவரமும் போய்விடுவதால் சில கைப்பேசிப் படங்களின் நிறம் சற்று மங்கும். பட்டியலுக்கு அது பெரிய விஷயமல்ல.

மொத்தமாகச் செய்வது

எம்டிர் முடிவு
மேஜிக் மோக்ரிஃபை -பாத் முடிவு -ஆட்டோ-ஓரியன்ட் -ரீசைஸ் "1600எக்ஸ்1600>" -கிராவிட்டி சவுத் -கிராப் 1600எக்ஸ்1200+0+0 +ரீபேஜ் -ஃபில் "#00000099" -டிரா "ரெக்டாங்கிள் 0,960 1599,1199" *.ஜேபிஜி

எம்டிர் என்பது எம், கே, டி, ஐ, ஆர்; இந்த டி 'டாக்டர்' சொல்லினுடையது. புதிய கோப்புறை உருவாக்கும். -பாத் முடிவு என்பதை விட்டுவிட்டால் மோக்ரிஃபை மூலப் படங்களின் மேலேயே எழுதிவிடும். கேட்காது, எச்சரிக்காது, திரும்பப் பெறவும் முடியாது. அந்தக் கோப்புறை முன்பே இருக்க வேண்டும், அது தானாக உருவாக்காது.

மோக்ரிஃபை ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக எடுத்துச் செய்வது. அடைப்புக்குறி, குளோன், காம்போசிட் எல்லாம் அதில் செல்லாது. அவற்றுக்குச் சுழற்சி எழுத வேண்டும். விண்டோஸில் அதைத் தொகுதிக் கோப்பாக எழுதும்போது சுழற்சி மாறியின் முன்னால் வரும் % குறியை இரட்டிப்பாக அடியுங்கள்.

நிமிர்ந்த படங்களும் படுத்த படங்களும் ஒரே கோப்புறையில் கலந்திருந்தால் மேலே உள்ள கட்டளை பிசகும். 1600 உயரமுள்ள நிமிர்ந்த படம் கீழ் 1200 பிக்சலாக வெட்டப்பட்டு, மேலே உள்ள தலைகள் போய்விடும். முதலில் இரண்டு கோப்புறையாகப் பிரித்துவிடுங்கள். நிமிர்ந்தவற்றுக்கு அகலம் 1200, உயரம் 1600, கிராப் 1200எக்ஸ்1600+0+0, பட்டை 0,1280 1199,1599. ஒவ்வொரு கோப்புறையிலும் மூன்று படத்தை மட்டும் தனியே நகலெடுத்து ஓட்டிப் பார்த்து, மிகப் பிரகாசமான படத்தில் எழுத்து தெரிகிறதா என்று கைப்பேசியில் திறந்து பார்த்த பிறகு மீதியை ஓட்டுங்கள்.